பெயரில்லாதவனுக்கு ஒரு கல்லறை

அந்த அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாராம். கை பட்ட உடலைத்தான் லண்டனுக்குக் கப்பலேற்றினார்களாம்.

பரீதா தட்டச்சுத் தாளில் இங்கிலீசில் இருந்ததை வாசித்து வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கதிரையில் இருந்த அன்னலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளைக்காரன் செத்தவனையும் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பான் போல என்றாள்.

பரீதாவும் சிரித்தாள். பேராதனையில் அரசியல் படிப்பிக்கிறவள். முதலாம் யுத்தத்துக்குப் பிறகு ஐரோப்பா தன் செத்தவர்களை என்ன செய்தது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

பெயர் தெரியாத அந்தச் சிப்பாயை அரசர்களுக்குப் பக்கத்தில் அடக்கினார்கள். பிள்ளை திரும்பி வராத தாய் எவளும் அந்தக் கல்லின் முன்னால் வந்து நின்று, உள்ளே கிடப்பது என் பிள்ளை என்று நம்பலாம். ஒரேயோர் உடலை வைத்து ஒரு நாட்டின் அழுகையையே அரசு தன் கைக்குள் எடுத்துக்கொண்டது என்று பரீதா எழுதியிருந்தாள்.

“அவன்ரை உண்மையான தாய் வந்திருந்தால்?” என்று அன்னலட்சுமி கேட்டாள்.

“வந்திருப்பா மாமி. அவவுக்கும் தெரிஞ்சிருக்காது.”

அன்னலட்சுமி அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரையில் யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டபோது, அவளுடைய புருசன் சிவகுருநாதனும் கிண்ணியா அலியாரும் ஒரே வள்ளத்தில் நின்று சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அலியார் வீடு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அப்போது தாயின் வயிற்றில் இருந்தவள்தான் பரீதா.

சிவகுருநாதனின் உடல் கிடைத்தது. கொடுத்துவைத்தவள் என்றது ஊர். ஒருக்கா எரிந்தவரை இன்னொருக்கா எரிக்க ஏலாது, புதையுங்கோ என்று அவள் அழுததைக் கேட்டு, அப்படியொரு அன்பு என்றது. மகன் இராசதுரை வருசாவருசம் அந்தக் குழியில் புல்லுப் பிடுங்கி, தேங்காய் உடைத்து, அப்பாவோடு கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு வருவான்.

ஆனாலும் விளக்கு வைக்கிற நேரத்தில் சிவகுருநாதன் படலையடியில் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். இஞ்சேரும், என்னை எங்கை வைச்சனீர் என்று கேட்பார்.

சத்தம் போடாதேங்கோ, பொடியன் சாப்பிடுறான் என்பாள் அன்னலட்சுமி. பொடியனுக்கு நரை விழுந்த பிறகும் அதே பதில்தான்.

பரீதா தாள்களை மடித்து மடியில் வைத்தாள். ஆராய்ச்சிக் குரல் போய்விட்டது.

உம்மாவுக்கு ஏலாமல் போய்விட்டது என்றாள். படுத்த பாயை விட்டு எழும்புவதில்லை. புருசன் மௌத்தானால் பெண் வீட்டுக்குள் துக்கம் காத்து இருக்கிற இத்தாவை உம்மா அசனா இன்றைக்கு வரைக்கும் இருக்கவில்லை. மௌத்துச் செய்தி வந்தால்தானே இருப்பாள். கப்பலேறிப் போயிருப்பார், வருவார் என்று இவ்வளவு காலமும் சொன்ன வாய், இப்போது இத்தா இருந்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும் என்கிறதாம்.

“அண்டைக்கு ஆசுப்பத்திரி முத்தத்தில உம்மாவுக்குப் பின்னால நீங்கதான் நிண்டீங்களாம். வாப்பாவப் போல ஆரும் அங்க கிடந்தாங்களா மாமி?”

படலையில் ஆள் வந்து நின்றது அன்னலட்சுமிக்குத் தெரிந்தது. இன்னும் விளக்கு வைக்கவில்லை. இன்றைக்கு வெள்ளெனவே வந்துவிட்டார்.

அன்றைக்கு ஆசுப்பத்திரி முற்றத்தில் கிடத்தியிருந்தவற்றில் முகம் இல்லாத ஓர் உடல். அசனா நிறைவயிற்றோடு அதன்மேல் குனிந்தாள். இடுப்பில், கிண்ணியா ஆண்கள் சாரத்துக்கு மேல் கட்டுகிற அகலமான பச்சை வார் பாதி கருகிக் கிடந்தது. கொக்கி கழன்றிருந்தது. அசனா அதை நேராக்கிக் கொழுவிவிட்டாள், வேலைக்கு அனுப்புகிற காலையில் செய்வதைப்போல.

பிறகு நிமிர்ந்து, இது அவர் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

கேட்பாரில்லாத உடல்களைப் பட்டாளத்துக்காரர் ஒரே கிடங்கு தோண்டிப் போட்டுச் சுண்ணாம்பு கொட்டினார்கள். ஊர் காட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிவாசலிலும் ஆளில்லை. பெண்சாதி கேட்டால் தருவோம் என்றார்கள்.

அடுத்ததாக நின்றவள் அன்னலட்சுமி.

குசினியிலிருந்து இராசதுரை தேத்தண்ணிக் கோப்பைகளோடு வந்தான். தகப்பனின் நெற்றி, தகப்பனின் நடை. அந்தக் குழியைத் தவிர அவனுக்குத் தகப்பன் என்று வேறொன்றும் இல்லை.

இவனுக்கு முன்னால் வேண்டாம் என்று படலையடியில் இருந்து குரல் கேட்டது. முப்பது வருசத்தில் முதல்முறையாக வேறொரு சொல்.

அன்னலட்சுமி பரீதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இராசதுரை கூட்டிக்கொண்டுபோய் அந்தக் குழியைக் காட்டுவான், மகள். உங்கட ஆக்களை வைக்கிற மாதிரித்தான் வைப்பிச்சனான். வலப்பக்கம் சரிச்சு, முகம் மேற்கை பாக்க.”

இராசதுரை கோப்பைகளை நிலத்தில் வைத்துவிட்டுத் தாயின் பக்கம் திரும்பினான்.

பரீதா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.