நப்பிக்கு இன்னொரு ஆள்

நாய் ஐலாவின் கம்பளிக் கையுறையைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது.

கைக்கு அடக்கமான டெரியர். சொரசொரவென்று பழுப்பு முடி. ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடிந்திருக்கும். கண் இரண்டும் கோட்டுப் பொத்தான் மாதிரி. நாய்க் காப்பகத்தில் பொத்தான் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்; பின்லாந்து மொழியில் நப்பி.

வெளியே பின்லாந்தின் தம்பெரே நகரம் உறைபனியில் விறைத்துக் கிடந்தது. ஐலாவின் மடி மட்டும் கதகதவென்று இருந்தது.

"கையுறைய அதுக்கே குடுத்துடுங்க. அது உங்கள விடறதா இல்ல," என்று சிரித்தாள் காப்பகத்துப் பெண் யோஹன்னா. பிறகு படிவத்தைப் பார்த்துப் போனை எடுத்தாள். "இவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா முடிஞ்சது. தப்பா எடுத்துக்காதீங்க, எழுபது தாண்டினவங்களுக்கு இது கட்டாயம்."

எழுபது தாண்டியவர் நாய் எடுத்தால், நாளைக்கு அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் நாயை ஏற்றுக்கொள்ள மாற்று ஆள் ஒருவர் வேண்டும். அந்த ஆள் தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாய் கிடையாது.

ஐலாவுக்கு எழுபத்து நான்கு. மாற்று ஆள் என்ற இடத்தில் அக்கா கெர்த்துவின் பெயரை எழுதியிருந்தாள். 'அவரிடம் சொல்லிவிட்டீர்களா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று டிக் அடித்திருந்தாள்.

பொய்.

அக்காவோடு பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. இத்தனைக்கும் அக்கா வீடு ஒரே டிராமில் ஏழு நிறுத்தம்தான்.

அம்மா இறந்தபோது பேப்பருக்கு இரங்கல் அறிவிப்பு எழுதிக் கொடுத்தவள் ஐலா. பிள்ளைகள் பெயர் வரிசையில் கெர்த்துவின் பெயர் விட்டுப்போயிற்று. அம்மாவைக் கடைசி வரைக்கும் குளிப்பாட்டிக் கஞ்சி ஊட்டியவள் கெர்த்து. ஊரே வாசித்த அறிவிப்பில் அவள் மட்டும் இல்லை.

பேப்பர்க்காரர்கள் தலையில் பழியைப் போட்டாள் ஐலா. 'நான்தான் விட்டுட்டேன்' என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. நாள் போகப் போக அந்த வாய் உறைந்தே போயிற்று.

யோஹன்னா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். மணி அடித்தது. மறுபடி அடித்தது. நப்பி கையுறையை விட்டுவிட்டு ஐலாவின் கட்டைவிரலை நக்கத் தொடங்கியது.

'எந்த ஐலா?' என்று அக்கா ஒரு வார்த்தை கேட்டால் போதும். இந்தச் சூடு மடியை விட்டு இறங்கிப் போய்விடும்.

"கெர்த்து பேசறேன்."

குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. அதே அதட்டல்.

உங்கள் தங்கை ஒரு நாய் எடுக்கிறார், மாற்று ஆளாக உங்களைப் போட்டிருக்கிறார், உங்களிடம் சொல்லியிருக்கிறார்தானே என்று கேட்டாள் யோஹன்னா.

நப்பி பெரிதாக ஒரு தும்மல் போட்டது.

"சொன்னா, சொன்னா," என்றாள் கெர்த்து. பிறகு, "என் பேர எழுதியிருக்காளா?"

"எழுதியிருக்காங்களே."

"முழுசா? விடாம?"

யோஹன்னா குழம்பிப் போய்ப் படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். "முழுசா இருக்கு. அழுத்தின அழுத்துல பின்பக்கம்கூடத் தடம் தெரியுது."

"அப்பச் சரி. ஞாயித்துக்கிழமை தூக்கிட்டு வரச் சொல்லுங்க. அது என் மூஞ்சியும் பாத்துப் பழகணும்ல. அப்புறம், காபிக்கு வெச்ச இனிப்பு ரொட்டியப் பிச்சுப் பிச்சுக் குடுத்து நாய உருண்டையாக்கிடப் போறா. சின்ன வயசுலேருந்து அவ கை சும்மா இருக்காது. நான் சொன்னேன்னே சொல்லுங்க."

போன் வைக்கப்பட்டது. யோஹன்னா படிவத்தில் முத்திரை குத்தினாள்.

ஐலா கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை தேடிப் பையைத் திறந்தாள். அவள் கைக்கு முன்னால் நப்பியின் மூக்கு உள்ளே போயிற்று. வெளியே வரும்போது வாயில் நாலாக மடித்த காகிதம் ஒன்று. எலி பிடிக்கிற சாதி அல்லவா, எலியை உதறுகிற மாதிரியே அதை உதறு உதறு என்று உதறியது.

காகிதம் விரிந்தது. அதே படிவம்தான், முந்தாநாள் நிரப்பியது. மாற்று ஆள் என்ற இடத்தில் எதிர்வீட்டு ரித்வாவின் பெயர் இருந்தது. கேட்டவுடனே சிரித்துக்கொண்டே அவள் போட்டுக் கொடுத்த கையெழுத்தும் இருந்தது. இதைக் கொடுத்திருந்தால் பொய்யே தேவைப்பட்டிருக்காது.

"ஐயோ, முக்கியமான காகிதமா?" என்று பதறி எழுந்தாள் யோஹன்னா.

"இல்லம்மா," என்றாள் ஐலா. "கிழிக்கட்டும்."