சுத்தபோசனம்

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஜெனுஷாவுக்கு வீட்டில் பசிக்காது.

தவக்காலம் தொடங்கியதிலிருந்து இதே கூத்துத்தான். தாய் ஜெசிந்தா விடியவே எழும்பி, இறைச்சி வாடையே படாமல் பருப்பும் மரக்கறியும் சமைத்து வைப்பாள். பள்ளிக்கூடத்தால் வரும் மகள் தட்டைத் தொடமாட்டாள். கொஞ்ச நேரத்தில் ஆளையே காணக் கிடைக்காது. பக்கத்து வீட்டு நஸீறாவின் குசினியில் இருப்பாள்.

நஸீறா வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் மாட்டிறைச்சி. ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பும்போது கல்முனையில் அந்தத் தெரு முழுக்க அந்த மணம்தான்.

"சுத்தபோசன நாளில இறைச்சி தின்னப் போறாளே! உயிர்த்த ஞாயிறண்டு இவளுக்கு முதல்நன்மை. எந்த வாயால நற்கருணை வாங்கப் போறாள்?" ஜெசிந்தா மாதா படத்திடம் முறையிட்டாள்.

இந்த வெள்ளி அவளால் பொறுக்க முடியவில்லை. கையிலிருந்த அகப்பையோடு அடுத்த வீட்டுக்குள் புகுந்தாள்.

ஜெனுஷா அங்கே சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"எழும்புடி! இறைச்சி தின்னத்தானே இஞ்ச ஓடி வாறாய்?"

"இறைச்சியா?" நஸீறாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "புள்ளையிட தட்டப் பாருங்கக்கா. கத்தரிக்காய்ப் பால்கறியும் வெண்டிக்காயும். இவக்கெண்டு புறிம்பாச் சட்டி, புறிம்பா அகப்பை. முதல் நாள் 'மாமி, எனக்குச் சுத்தபோசனம்' எண்டு சொன்னா. எங்கட ஊட்டுச் சாப்பாடு மட்டும் சுத்தமில்லையா எண்டு நானும் கோவிச்சுப் போட்டன். பொறகுதான் விளங்கிச்சு, இறைச்சி தின்னாத நாளுக்கு நீங்க வெச்ச பேர் அதெண்டு."

ஜெசிந்தா குனிந்து தட்டை மோந்தே பார்த்துவிட்டாள். வெறும் கத்தரிக்காய்.

"அப்ப ஏன்டி வீட்டுச் சாப்பாடு வேணாமெண்டு விடுறாய்?"

ஜெனுஷா குனிந்து சோற்றையே பிசைந்தாள்.

"சொல்லாட்டி முதல்நன்மை இல்ல. பாதரிட்ட நானே போய்ச் சொல்லுவன்."

பிள்ளையின் கண் நிறைந்து வழிந்தது. முதல்நன்மைக்கென்று வெள்ளைச் சட்டை தைத்து வந்த நாள் முதல் அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறவள். அப்படியும் பேசவில்லை.

நஸீறாவுக்குத்தான் தாங்கவில்லை. "சொல்ல மாட்டன் எண்டு வாக்குக் குடுத்திட்டன், அல்லாஹ் மன்னிக்கட்டும். அக்கா, நீங்க பருப்புக்குச் சூப் கட்டி போடுறீங்களா?"

"ஓம், ரெண்டு போடுவன். அதுதானே ருசி."

"அதிட பேப்பர வாசிச்சீங்களா?"

"அதெல்லாம் ஆர் வாசிக்கிற?"

"நாங்க வாசிப்பம். ஹலால் பாக்காம எங்கட வாய்க்கு ஒண்டும் போகாது. எங்கட மகள் அம்ஹாவோட சேந்து இவவும் பழகிட்டா. உங்கட குசினியிலயும் எடுத்து வாசிச்சிருக்கா. பொடி எழுத்தில கிடக்காம், கோழியிறைச்சிச் சாறு எண்டு."

ஜெசிந்தாவின் அகப்பை மெல்ல இறங்கியது. தவக்காலம் முழுக்க வெள்ளி தவறாமல் கோழி! போன வெள்ளி சிலுவைப்பாதை முடிந்து வீட்டுக்கு வந்த பாதருக்கும் இரண்டு அகப்பை பருப்பு ஊற்றியிருந்தாள். அவர் ருசியென்று மூன்றாவதும் கேட்டிருந்தார்.

"எனக்கிட்டச் சொல்லியிருக்கலாமே, மகள்?"

"நீங்க அழுவீங்க எண்டுதான்..."

அழத்தான் செய்தாள்.

"அழாதீங்கக்கா." நஸீறா கதிரையை இழுத்துப் போட்டாள். "உங்கட பாவமெல்லாம் எப்பவோ தீந்திரிக்கும். ஒவ்வொரு வெள்ளியும் சோத்தில கை வெக்க முதல் புள்ள கண்ண மூடிக் கேக்குற துஆவே அதுதான்: 'ஆண்டவரே, எங்கட அம்மாவ மன்னியும். தான் என்ன சமைக்கிறா எண்டு அவவுக்குத் தெரியாது.'"