ஆணியின் கழுத்தில்

“பழசைக் கழற்றாம புதுசை மாட்டிட்டுப் போறியே, இது உனக்கே நியாயமாய்யா?” என்று ஆணி கத்தியது. மாட்டியவர் காபி குடிக்கப் போய்விட்டார். சாமி படம் போட்ட காலண்டரைக் குப்பையில் போட அந்த வீட்டில் யாருக்கும் மனசு வராது. அதனால் எல்லா வருஷத்துக் காலண்டர்களும் ஆணியின் கழுத்திலேயே தொங்கின.

புதுக் காலண்டர் பூரித்தது. “என் மேல எழுதியிருக்கிறதைப் பாருங்கண்ணே! பொங்கலுக்குள்ள தண்ணித்தொட்டி கழுவணும், பரணை ஒழுங்கு பண்ணணும், பையனுக்குக் கடல் காட்டணும்.”

“துள்ளாதே தம்பி. பின்னால இருக்கிறவனைக் கேளு” என்றது ஆணி.

“எனக்கும் அதேதான் எழுதினாங்க” என்றது போன வருஷத்துக் காலண்டர்.

“எனக்கும்தான்” என்றது எல்லாவற்றுக்கும் பின்னால் தொங்கிய காலண்டர். “அப்போ பையனுக்குப் பல்லே முளைக்கலை. இப்போ மீசை அரும்புது.”

புதுசு சுருங்கிப்போனது. “நான் ரொம்பக் கனமாண்ணே?”

ஆணியைச் சுற்றிச் சுவர்க் காரை உதிர்ந்துகொண்டிருந்தது. “இந்த ஒரு வருஷம் பிடிச்சுக்கோ” என்று ஆணி சுவரிடம் பேரம் பேசியது.

“பொங்கல் வரைக்கும்தான். அதுக்கு மேல ஆகாது” என்று சுவர் கறாராகச் சொன்னது.

ஆணி அடுக்களைப் பக்கம் திரும்பிக் கத்தியது. “காதுல விழுந்துச்சாய்யா? டம்ளரைக் கீழே வை! பையனைக் கூட்டிக்கிட்டு முதல்ல கடலுக்குக் கிளம்பு. வந்ததும் எங்க பாரத்தை இறக்கு!”