புதுக் கறை

தார்க்காரர் வேலையைத் தொடங்குமுன் ரத்தத்தைத்தான் முதலில் கழுவினார். ரத்தம் அவருடையதுதான். கீழுதடு கிழிந்து, சட்டையின் இரண்டாவது பொத்தான் வரை சொட்டியிருந்தது.

அவர் செய்த குற்றம் ஒன்றே ஒன்று. "சார், காரைக் கொஞ்சம் வெளிய எடுத்தீங்கன்னா அடியில இருக்கிற கறையையும் தேய்ச்சிடுவேன்" என்று கேட்டுவிட்டார். அந்த வீட்டுக்காரருக்கு வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

"என் வண்டி எங்க நிக்கணும்னு நீ சொல்றியா? உன்ன யாருடா இங்க வரச் சொன்னது?"

"நான்தாங்க கூப்பிட்டேன்." மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "வாசல்லேருந்து கேட் வரைக்கும் தாரெல்லாம் பேந்து, குண்டும் குழியுமா..."

வீட்டுக்காரர் அவளை முடிக்க விடவில்லை. கூந்தலைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, கார்க் கதவில் அவள் நெற்றியை மோதினார். பிறகு குனிந்து பார்த்தார். பார்த்தது அவள் நெற்றியை அல்ல, கதவு நசுங்கியிருக்கிறதா என்று.

தார்க்காரர் கையில் மண்வெட்டி இருந்தது. அது ஒரு சாண் உயர்ந்தது. வீட்டில் காத்திருக்கும் நாலு வயிறு நினைவுக்கு வந்ததும் தானாகத் தாழ்ந்தது.

"ஒரு நாள் இல்லேன்னா ஒரு நாள் நான் இங்கேருந்து போயிடுவேன், பாருங்க" என்றாள் அவள், நெற்றியைப் பொத்திக்கொண்டு.

"போயேன். எவ்ளோ தூரம் போறேன்னு நானும் பாக்கறேன்." அவர் சிரித்துக்கொண்டே குளிக்கக் கிளம்பினார். போகிற போக்கில் சோப்புத் தண்ணீர் வாளிக்கும் ஓர் உதை விழுந்தது.

தார்க்காரர் வாளியை நிமிர்த்தி மறுபடி தண்ணீர் பிடித்தார். கம்பி பிரஷ்ஷோடு காரின் ஓரமாக மண்டியிட்டார். எண்ணெய்ப் பசை உள்ள இடத்தில் புதுத் தார் ஒட்டாது. ஒட்டியதுபோல் பாசாங்கு செய்துவிட்டு முதல் மழையிலேயே பெயர்ந்துகொள்ளும். கறையை எடுப்பதுதான் பாதி வேலை.

அந்த அம்மாவும் நேற்று போனில் அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டாள். "பழைய கறை, புதுக் கறை எல்லாமே போயிடுமாண்ணே? சுவடே தெரியக் கூடாது." இப்படிச் சுத்தம் பார்க்கிற மகராசிக்கு இப்படி ஒரு புருஷன்!

இருபது வருஷமாகத் தார் போடுகிற கை. கறையை வைத்தே வண்டியின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். நடுவில் கன்னங்கரேலென்று படிந்திருந்தால் இன்ஜின் ஆயில். வெறும் தண்ணீராக இருந்தால் ஏசி.

முன்சக்கரத்தின் பின்னால் கையை விட்டவர், சட்டென்று நிறுத்தினார். விரலில் வழவழவென்று ஏதோ ஒட்டியது. தேன் நிறம், இன்னும் காயாத ஈரம். பிரேக் ஆயில்!

மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே நீட்டினார். தேய்ந்து வெடித்த குழாய் என்றால் பிசிறு பிசிறாக இருக்கும். இது வெண்டைக்காயில் கத்தி வைத்ததுபோல் பாதி வரை நேராக வெட்டுப்பட்டு, சொட்டிக்கொண்டிருந்தது.

தலையை வெளியே இழுத்து, கேட் பக்கம் பார்த்தார். கேட்டைத் தாண்டினால் செங்குத்தான இறக்கம். கீழே ஒரு கொண்டை ஊசி வளைவு, அதற்கும் கீழே வெறும் பாறை. காலையில் தார்க் கலவை மூட்டையோடு மூச்சு வாங்க அவர் ஏறி வந்த பாதைதான்.

அந்த நேரம் பார்த்து அவள் பயணப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்தாள். நெற்றி புடைத்து ஊதாவாகியிருந்தது. பையைப் பின்சீட்டில் வைத்துவிட்டுச் சாவியை வண்டியில் செருகினாள். அவசரத்தில் ஜிப் சரியாக மூடாமல், கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை ஒன்றின் கை வெளியே தொங்கியது.

தார்க்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 'எவ்ளோ தூரம் போறேன்னு பாக்கறேன்' என்று அந்த ராட்சசன் சிரித்ததற்கு இதுதான் அர்த்தமா!

அவருக்கும் ஒரு தங்கை இருந்தாள். அவளுடைய புருஷனைப் பற்றித் தெருவுக்கே தெரிந்திருந்தும், சமயத்தில் அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் அவளைத் தூக்கிக்கொண்டு போகத்தான் எல்லோரும் வந்தார்கள்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. இன்னொரு அடி விழுந்தாலும் விழட்டும் என்று அவர் எழுந்து அவளிடம் ஓடினார்.

"தங்கச்சி, இந்த வண்டில ஏறாதம்மா! பிரேக் குழாய அறுத்து வெச்சிருக்கு. அந்தப் படுபாவி உன்னக் கொல்லப் பாக்கறான். எப்படியாவது நடந்தே ஓடிப் போயிடு!"

அவள் பதறவில்லை. தொங்கிய சட்டைக் கையைப் பைக்குள் தள்ளி, ஜிப்பை நிதானமாக இழுத்து மூடினாள்.

உள்ளேயிருந்து வீட்டுக்காரரின் குரல் இடித்தது. "ஏய், என் பைய வண்டில வெச்சியா இல்லியாடி? ஊருக்குக் கிளம்ப நேரமாச்சு!"

"வெச்சிட்டேங்க!" என்றாள் அவள். பிறகு தார்க்காரர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அவர் கிளம்பினதும் அந்தப் புதுக் கறையத்தாண்ணே மொதல்ல கழுவணும்."