சிவப்புக் காணி

இப்போதெல்லாம் ஒருவருக்கும் உடம்பு வணங்குவதில்லை. காணியைப் பார்ப்பதென்றாலும் சோபாவில் சாய்ந்தபடி வானத்திலிருந்துதான் பார்க்கிறார்கள்.

அப்படி முணுமுணுத்துக்கொண்டுதான் தவராசா, புலம்பெயர்ந்து வந்த சட்டன் நகரில் தம்பி குகதாசனின் வீட்டு ஹோலில், விதுஷாவின் லாப்டொப்பை எட்டிப் பார்த்தார்.

விதுஷா தம்பியின் மகள். எந்த வறண்ட நிலம் பாலைவனமாகிறது என்று செய்மதிப் படங்களை வைத்துக் கணிப்பது அவளது வேலை. ஊரில், மழை பொய்த்துக் கிடக்கும் முழங்காவிலில், அண்ணனுக்கும் தம்பிக்கும் தகப்பன் பிரித்துக் கொடுத்த காணிகளை இன்று தேடிப் பிடித்திருந்தாள். இரண்டுக்கும் ஆள் வைத்துப் பார்ப்பவன் குகதாசன்.

"இது உங்கடை, பெரியப்பா. பக்கத்திலை அப்பான்ரை."

தம்பியின் காணி வெளிறிய பச்சை.

தன்னுடையது மூலைக்கு மூலை இரத்தச் சிவப்பு.

எரித்துவிட்டான்.

"என்ரை மரமெல்லாத்தையும் கொளுத்திப்போட்டு உன்ரையை மட்டும் பச்சையா வைச்சிருக்கிறியோ, நாயே!"

கையிலிருந்த குடையின் பிடி குகதாசனின் வாயில் இறங்கியது. அடுத்த அடி காதோடு. பல்லொன்று கம்பளத்தில் தெறித்து விழுந்தது.

சரிந்தவனின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, கழுத்தில் கிடந்த மஃப்ளரை முறுக்கினார் தவராசா. தம்பியின் கண்கள் பிதுங்கின. அவன் கையைக்கூட ஓங்கவில்லை.

விதுஷா பெரியப்பாவின் தலைமயிரைப் பிடித்து இழுத்துச் சுவரோடு தள்ளினாள்.

"விசரே உங்களுக்கு? இது அகச்சிவப்புப் படம், இதிலை உயிரோடை நிக்கிற மரஞ்செடிதான் சிவப்பு! பச்சையாத் தெரியிறது வெறும் மண்!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. திரும்பித் திரையைப் பார்த்தாள்.

"அப்பா... அப்ப எங்கடை காணி?"

குகதாசன் இரத்தத்தைக் கையில் துப்பினான்.

"உன்னை ஆர் பிள்ளை இதைக் காட்டச் சொன்னது? கிணத்திலை ஒரு காணிக்குத்தான் தண்ணி கிடந்தது. அண்ணைக்கு விட்டிட்டன்."

தவராசா படத்தைப் பார்த்தார். கம்பளத்தில் கிடந்தவனைப் பார்த்தார். மூச்சு இன்னும் இரைத்தது.

"சிவப்பு எப்பிடியடி உயிராகும்? தேப்பனும் மகளுமாச் சேர்ந்து ஆருக்குப் பேய்க்காட்டுறியள்?"

கதவைத் திறந்துபோட்டபடியே வெளியேறி, தெரு முழுக்க வழிந்தோடிக்கொண்டிருந்த மழைத்தண்ணீரை மிதித்துக்கொண்டு ரயில் ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.