மணல் மனிதனின் சட்டைப் பை

அருங்காட்சியகக் கூடத்தின் நடுவே சோதனை விண்கலம் கவிழ்த்துவைத்த பெரிய குடம்போல் நிற்கிறது. மனிதரை ஏற்றுவதற்கு முன் விமானத்திலிருந்து கடலில் போட்டுப் பார்த்த கலம் அது. உப்புப் பூத்த ஒடுக்குகளில் கூரை விளக்கின் வெளிச்சம் தேங்கியிருக்கிறது. கதவிருந்த இடத்தில் பதித்த கண்ணாடி வழியே தையல்காரி எட்டிப் பார்க்கிறாள். உள்ளே, இருக்கையோடு வாரால் இறுக்கிக் கட்டப்பட்டு மணல் மனிதன் உட்கார்ந்திருக்கிறான். ஓர் ஆளின் எடைக்கு மணல் நிரப்பிய அந்தப் பொம்மைக்குத் துணி வெட்டித் தைத்தவள் இவள்தான். "அக்கா, பாக்கெட் அப்படியே இருக்கு!" தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பகலெல்லாம் சட்டை தைத்த கை, பழக்கதோஷத்தில் பொம்மைக்கும் இடது மார்பில் பை வைத்துவிட்டது. "சும்மா இருடி, மானத்த வாங்காத." அதைப் பிரித்து எறிந்திருப்பார்கள் என்று நம்பித்தான் வந்தாள். கண்ணைச் சுருக்குகிறாள். பையிலிருந்து ஒரு குட்டைப் பென்சில் தலைநீட்டுகிறது. "அது யாரோடது?" காவலாளி பக்கத்தில் வருகிறார். "வார் கட்டின இன்ஜினியர் கைமறதியா வெச்சிட்டாரும்மா. பாக்கெட்டப் பாத்தா கை சும்மா இருக்குமா? கடல்ல விழுந்த வேகத்துல உள்ள இருந்த கருவியெல்லாம் கழண்டு ஓடிருச்சு. பென்சில் மட்டும் வெச்ச இடத்துலயே இருந்துச்சு." தங்கையின் சிரிப்பு நிற்கிறது. தையல்காரி கண்ணாடியில் மூக்கு பதிய இன்னும் குனிகிறாள். பையின் மேல்மூலை இரண்டிலும், எந்தச் சட்டைக்கும் அவள் போடும் சின்ன முக்கோணத் தையல். ஒரு நூல்கூடப் பிரியவில்லை.