அதிராத இடம்

எந்த அரிவாளை எடுத்தாலும் பத்தாவது வெட்டிலேயே உள்ளங்கை ஏன் மரத்துப்போகிறது என்று தவமணிக்குப் புரியவில்லை. நாளையும் பின்தங்கினால் காட்டுத்தீ பரவாமலிருக்கப் புதரை வெட்டித் தீத்தடுப்புக் கோடு போடும் வேலை போய்விடும். சந்தையில் ஒவ்வொரு அரிவாளாகப் பிடியை இரு விரலில் பிடித்துத் தொங்கவிட்டு, அலகைக் கூழாங்கல்லால் அங்கங்கே தட்டி, விரலில் ஏறும் அதிர்வைக் கவனித்துக்கொண்டே வந்தாள்.

"ஏத்தா, வாங்க வந்தியா, நாடி பாக்க வந்தியா?" என்றார் கடைக்காரர்.

"உசிரு எங்க இருக்குன்னு பாக்கேண்ணே."

யாரும் சீந்தாத, முனை அகன்ற கறுத்த அரிவாளில்தான், புதரில் படும் இடத்தில் தட்டியபோது விரல் அதிரவில்லை; அதையே எடுத்தாள். மறுநாள் உச்சிவேளைக்குள் அவள் பங்குப் புதர் முழுதும் சாய்ந்துவிட்டது. மேஸ்திரி வந்து, அதையும் பார்த்துச் சொல்லும்படி தன் அரிவாளை நீட்டினார்.

தவமணி அதையும் தட்டிப் பார்த்தாள். "எங்க தட்டுனா பிடி அதிரலையோ, அந்த இடத்தால வெட்டுங்க மேஸ்திரி. கை மரக்காது."